டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் புற்றுநோய் மருத்துவமும்

நம் சங்கத்து ஆண்டு விழா மலரில் ஒவ்வோர் ஆண்டும் சான்றோர் ஒருவரின் வரலாறு இடம் பெறுவது வழக்கம். இம்முறை அப்பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. நாம் புலவரும் அல்லோம். மருத்துவம் கற்றவரும் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, சீட்டும் பேரேடுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவரே. ஆயினும் மலர்க்குழு அன்பர்கள் யாரைப்பற்றி எழுதப் போகிறீர் என்று வினவியபோது, நாம் சற்றும் தயங்காமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைச் சொன்னோம். அதற்குரிய காரணத்தை முதலில் கூறிவிடுதல் முறை.

சென்ற ஆண்டு கார்த்திகை தீபத்தன்று நம் காலனியைச் சேர்ந்த ஓர் அம்மாள் நம் இல்லத்தரசியைத் தனியே அழைத்துத் தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதைத் தெரிவித்தார். கட்டி தோன்றியது அதற்கு முந்திய பொங்கலை ஒட்டி. ஏறத்தாழப் பத்து மாதங்கள் அவர் அதைக் கணவரிடமும் சொல்லவில்லை. கல்லூரியில் பயிலும் மகளிடமும் சொல்லவில்லை. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுக் கொண்டிருந்தாராம். மருத்துவர்கள் சோதித்துப் புற்றுநோய் என்று உறுதி செய்தனர். முதலில் மருந்து, அடுத்து அறுவை, அதன்பின் கதிர்ச் சிகிச்சை என்று முறை வகுத்துக் கொடுத்தனர். அம்மாள் மருந்துக்கு இசைந்தார், கத்திக்கும் இசைந்தார், கதிருக்கு மட்டும் இசையவில்லை.

அவருடைய அச்சத்தை நாம் குறை கூற மாட்டோம். 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில், நமக்கு அண்மையிலுள்ள மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில், ஒரு கல்விக்கூடத்திலிருந்து ஏலத்தில் வந்த சாதனத்தை உடைத்தபோது உள்ளிருந்த கோபால்ட் வெளிப்பட்டு, ஒருவர் உயிரிழந்தார், பலர் துன்புற்றனர். அந்நாளில் இப்பகுதியில் வாழ்ந்தவர் யாரும் அதை மறந்திலர். கதிர் என்றாலே மாயாபுரிதான் என்று அந்த அம்மாள் எண்ணினார். பிறகு நம் இல்லத்தரசியிடம் ஒரு வினாவும் எழுப்பினார். கத்தி வைக்கும் அன்றே அந்தக் கதிரையும் வைத்து முடித்துவிடலாகாதா, பல நாள் போய் அந்த இயந்திரத்தின்கீழ்ப் படுக்கத்தான் வேண்டுமா என்பது அவ்வினா. விடை தேடி நாம் சங்கத்து நூலகத்தையும் அறிந்த மருத்துவ அன்பர்களையும் நாடினோம். அவ்வாறு தேடிய வழியில்தான் அம்மையாரின் வாழ்க்கை நம் கைக்கு வந்தது.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் உயர்ந்த நிலையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இத்திருமணத்தால் தந்தையாரை அவர்தம் சுற்றத்தார் ஒதுக்கினர். பெண்கள் பூப்பெய்தியதும் வீட்டுக்குள் அடைபடும் அக்காலத்தில், தந்தையார் மகளை வீட்டிலேயே படிக்கச் செய்து மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு அனுப்பினார். அதில் தேறியதும் கல்லூரி வேண்டும் என்றார் மகள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியோ ஆண்களுக்கு உரியது. ஒரு பெண் வந்து அமர்ந்தால் ஆடவரின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். நாமும் மெட்ரிகுலேஷன் தேறியவரே என்று மேலே எழுதினோம். அச்சொல்லை இரண்டு பேருக்கும் பொதுவாக வழங்குவது சிறிது கூச்சமாகவே இருக்கின்றது.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912-இல் பட்டம் பெற்று வெளிவந்தார். எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் உள்ளுறை மருத்துவராக அமர்ந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பப்படி பொதுப் பணியாற்றத் தடை செய்யலாகாது என்று முன்னரே நிபந்தனை விதித்து, அதற்கு அவர் இசைந்த பின்னரே மணம் நடந்தது. கணவரும் சொன்ன சொல்லைக் காத்தவர். அவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு புதல்வர்கள்.

அம்மையாரின் சட்டமன்றப் பணியைப் பலரும் எழுதியிருக்கின்றனர். எனவே சுருக்கமாகவே சொல்வோம். 1926-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதல் பெண்மணி அவரே. அடுத்த ஆண்டு அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போர் 1947-இல் சட்டமாக முற்றுப்பெற்றது. 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். தேவதாசி முறையிலிருந்து விலகி வந்த இளம் பெண்கள் சிலர், தங்க இடமின்றி அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அதன் பயனாக எழுந்ததே ஔவை இல்லம்.

இவையெல்லாம் நடந்து கொண்டிருந்தபோதே அம்மையாரின் உள்ளத்தில் ஒரு துயரம் தங்கியிருந்தது. அவருடைய இளைய சகோதரி சுந்தரம்மாள். வயதில் மிக இளையவர். தாய்போல இருந்து அம்மையார் வளர்த்த பெண் என்றே சொல்லலாம். 1920-களின் தொடக்கத்தில் அப்பெண்ணுக்கு மலக்குடலில் புற்று கண்டது. நோய் இன்னதென்று காலத்தில் தெளியாமல் போயிற்று. தெளிந்தபோது எல்லை கடந்துவிட்டது. தமக்கை மருத்துவர், தமக்கையின் கணவரும் மருத்துவர். நகரின் பெரிய மருத்துவர் யாவரும் அவ்வீட்டுக்கு அறிமுகமானவர்கள். இருந்தும் அப்பெண் அம்மையாரின் கண்ணெதிரே வலியில் துடித்து மாண்டார். மருத்துவம் அறிந்த வீட்டிலேயே நோய் இவ்வாறு மறைந்திருந்து கொல்லுமானால், எழுத்தறியா வீடுகளின் நிலை என்ன என்னும் எண்ணம் அம்மையாரை விட்டு நீங்கவில்லை.

1925-இல் மேற்பயிற்சிக்காகக் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றார். மகளிர் நோய், குழந்தை நோய் ஆகியவற்றோடு லண்டனில் புற்றுநோய்க்கென்றே அமைந்த மருத்துவமனையின் முறைகளையும் கற்றார். நம் நாட்டில் பெரும்பாலோர் புற்றைச் சாவின் மறுபெயராகக் கருதிய காலம் அது. அங்கேயோ, அறுவை ஒரு பக்கமும் எக்ஸ் கதிரும் ரேடியமும் மறு பக்கமுமாகச் சேர்ந்து நோயோடு பொருதுவதை அவர் கண்டார். எக்ஸ் கதிரை ராண்ட்ஜன் கண்டது 1895-இல். ரேடியத்தைக் கியூரி தம்பதியர் கண்டது 1898-இல். முப்பதாண்டுகூட நிறையாத புதுக்கலை அது.

இவ்விடத்தில் நம் காலனி அம்மாளின் வினா குறுக்கிடுகின்றது. அம்மையார் லண்டனில் இருந்த அதே ஆண்டுகளில், அந்நகரின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற அறுவை மருத்துவர், மார்புப் புற்றுக்கு ரேடியம் அடங்கிய ஊசிகளை மார்பின் திசுவுக்குள்ளேயே செருகி வைக்கும் முறையை நடத்தி வந்தார். 1922-இல் தொடங்கியது அது. பொருளாதார மேதை கெய்ன்ஸின் இளவல் இவர். மார்பை முழுவதும் அகற்றி, அதன் கீழுள்ள தசைகளையும் வெட்டி எடுத்து, பெண்ணை வாழ்நாள் முழுவதும் ஊனமாக்கும் கொடிய அறுவையே அக்காலத்தில் நெறியாக இருந்தது. கதிர் துணை நிற்குமானால் அவ்வளவு வெட்ட வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. சகமருத்துவர்கள் அவரை நகைத்தனர். பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே உலகம் அவர் வழிக்கு வந்தது. கதிரைப் புண்ணின் உள்ளிடத்திலேயே வைப்பது என்னும் எண்ணம் நம் அம்மாளுக்கு மட்டும் உதித்ததன்று என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

அம்மையாரின் கதைக்குத் திரும்புவோம். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அம்மையார் வெளிப்படையாக வற்புறுத்தினார். கேட்டவர் பாராட்டினர், செயல் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் உலகப் போர் வந்தது. 1943-இல் கணவர் மறைந்தார். நாடு விடுதலை பெற்றது. அம்மையார் விடவில்லை. ஆட்சியாளரை அணுகியபோது வந்த மறுமொழிகள் ஊக்கம் தருவனவாக இல்லை. புற்றுற்றவர் எவ்வாறும் இறந்துதானே போகின்றார், அவருக்கென்று மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணம் உயர்ந்த இடங்களிலும் இருந்தது. இதைப் படிக்கும்போது நமக்குச் சினம் எழுந்தது உண்மை. ஆனால் பத்து மாதம் மஞ்சள் பற்றுப் போட்டு மறைத்த நம் அம்மாளின் நெஞ்சிலும் அதே எண்ணம்தானே இருந்தது?

அரசு தராவிட்டால் மக்கள் தரட்டும் என்று அம்மையார் முடிவு செய்தார். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 63. நம் அலுவலகத்தில் அறுபதில் ஓய்வு பெறுபவர் சால்வையும் மாலையும் பெற்றுச் சாய்வு நாற்காலிக்குச் செல்கின்றனர். அம்மையாரோ அந்த வயதில் பொதுமக்களிடம் கையேந்தத் தொடங்கினார். மாதர் சங்கத்தார் துணை நின்றனர். மகன் கிருஷ்ணமூர்த்தி அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் கற்று இதற்கென்றே தம்மை ஒப்படைத்தார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒரு குடிசைக் கட்டடம், பன்னிரண்டு படுக்கைகள், இரண்டு மருத்துவர்கள், இரண்டு செவிலியர். இவ்வளவே. அடுத்த ஆண்டில் டாக்டர் வி. சாந்தா, தமக்குக் கிடைத்த அரசுப் பணியை விடுத்து அங்கே வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் மறையும் வரை அவ்வளாகமே அவருக்கு வீடு.

அம்மையாரின் தெளிவு எதில் இருந்தது எனில், கத்தி மட்டும் உள்ள மருத்துவமனையை அவர் கட்டவில்லை என்பதில் இருந்தது. கட்டியை வெட்டி எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத சில அணுக்கள் அதன் படுகையில் தங்கிவிடக் கூடும். அவை மீண்டும் முளைக்கும். கதிர் அவ்வணுக்கள் பிரிந்து பெருகும் ஆற்றலை அழிக்கின்றது. அருகிலுள்ள நல்ல அணுக்களும் அடிபடும். ஆயினும் அவை இடைவேளையில் தேறிக்கொள்ள வல்லவை. அதனாலேயே கதிரைச் சிறு சிறு பங்குகளாகப் பல நாட்களுக்குப் பகிர்ந்து தருகின்றனர். 1957-இல் கனடாவிலிருந்து வந்த கோபால்ட் 60 இயந்திரம் அடையாற்றில் இயங்கத் தொடங்கிற்று. நம் நாட்டில் அதுவே முதல். மாயாபுரியில் கேடு விளைத்ததும் கோபால்ட்தான், அடையாற்றில் உயிர் காத்ததும் கோபால்ட்தான். ஒன்று காப்பின்றி உடைபட்டது. மற்றது தடித்த ஈயக் கவசத்துக்குள் அடங்கி, அளந்த நேரத்துக்கு மட்டும் வாயில் திறப்பது. அடுப்பில் இருக்கும் நெருப்பும் கூரையில் பற்றும் நெருப்பும் ஒன்றா என்று நம் இல்லத்தரசி அந்த அம்மாளிடம் கேட்டாள். அந்த ஒரு கேள்வி, நாம் படித்துச் சொன்ன அனைத்தையும்விடப் பயன் தந்தது.

நம் நாட்டுப் பெண்கள் மார்புக் கட்டியோடு பெரும்பாலும் காலம் கடந்தே வருவர். கட்டி பெரிதாக, உடனே வெட்ட இயலாத நிலையில் வருவர். அத்தகையோருக்கு முதலில் கதிரும் மருந்தும் தந்து கட்டியைச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்யும் முறையை அடையாறு மருத்துவர்கள் வளர்த்தனர். மேல்நாட்டு நூல்களின் நோயாளி வேறு, நம் ஊர் நோயாளி வேறு என்று அறிந்து செய்த வைத்தியம் அது. குடிசையில் தொடங்கிய இடத்துக்கு இப்பெருமை வந்ததில் தமிழராகிய நாம் மகிழலாம்.

இனி அந்த அம்மாளின் வினாவுக்கு விடை. அறுவை அரங்கிலேயே கதிர் தருவது இன்று நடைமுறையில் உண்டு. இந்தியாவில் பயின்று லண்டன் சென்ற ஜயந்த் வைத்யா என்னும் அறுவை மருத்துவரும், மைக்கேல் பாம், ஜெஃப்ரி டோபையாஸ் ஆகியோரும் ஒரு முறையை வகுத்தனர். கட்டியை அகற்றியதும், அது இருந்த குழிக்குள் எலுமிச்சம்பழம் போன்ற உருண்டை ஒன்றைப் பொருத்துவர். அதன் நடுவிலிருந்து வலிமை குறைந்த எக்ஸ் கதிர் ஏறத்தாழ அரை மணி நேரம் வெளிப்படும். அது தொலைவு செல்லாது. ஆகவே நெஞ்சறைக்கும் இதயத்துக்கும் தீங்கு குறைவு. 2000 முதல் 2012 வரை பத்து நாடுகளில் 2,298 பெண்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். அறுவையின்போதே ஒரு முறை கதிர் பெற்றவருள் ஐந்தாண்டுக்குள் அவ்விடத்தில் நோய் திரும்பியது நூற்றுக்கு இரண்டு பேரளவில். வழக்கமான முறையில் ஒருவரளவில். மொத்த உயிர்காப்பில் முறை தாழ்ந்ததாக இல்லை. இத்தாலியின் மிலான் நகரில் வெரொனேசி குழுவினர் எலெக்ட்ரான் கதிரைக் கொண்டு செய்த வேறொரு சோதனையில், நோய் திரும்புவது 4.4 விழுக்காடு என்றும் வழக்கமான முறையில் 0.4 விழுக்காடு என்றும் தெரிய வந்தது. ஆகவே எல்லோருக்கும் ஏற்றதன்று இது. கட்டி சிறியதாக, தொடக்க நிலையில், வயது சற்று முதிர்ந்தவராக இருத்தல் வேண்டும்.

தொலைவிலிருந்து வரும் ஏழைப் பெண்ணுக்கு இதனால் விளையும் நன்மையை ரயில்வேக்காரராகிய நாம் நன்கு உணர்வோம். மார்பைக் காத்துக் கட்டியை மட்டும் எடுப்பதானால் பின்னர்க் கதிர் கட்டாயம். முன்பு ஐந்தாறு வாரங்கள்; இப்போது பலருக்கு மூன்று வாரங்கள்; சிலருக்கு அதனினும் குறைவு. அத்தனை நாள் நகரில் தங்க வழியின்றி, போகட்டும் என்று மார்பை முழுவதும் இழக்கச் சம்மதிக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு அரை மணியில் முடிவது எத்துணைப் பெரிய உதவி!

ஆனால் நம் அம்மாளுக்கு அது பயன்படவில்லை. கட்டி தோன்றிய தையிலேயே வாய் திறந்திருந்தால் அவர் அம்முறைக்கு ஏற்றவராகக் கூடும் என்றும், கார்த்திகைக்குள் கட்டி அந்த அளவைக் கடந்துவிட்டது என்றும் மருத்துவர் தெரிவித்தார். அதைக் கேட்ட அம்மாள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மகளை அழைத்து, உனக்கு உடம்பில் எது தோன்றினாலும் அன்றைக்கே சொல் என்று மட்டும் சொன்னார். மருந்தும் அறுவையும் முடிந்து, பதினைந்து நாள் கதிரும் பெற்றார். நம் இல்லத்தரசி நாள்தோறும் உடன் சென்றாள். தோல் சிறிது கறுத்தது, களைப்பு இருந்தது. மாயாபுரி ஏதும் நிகழவில்லை. இப்போது சங்கத்துப் பஜனைக்கு வருகின்றார்.

முத்துலட்சுமி அம்மையார் 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கையில், காலமானார். அதற்குள் குடிசை பெரிய மருத்துவமனையாகியிருந்தது. தம்பியர், தமக்கையர் எனப் பலரைப் பிழைக்க வைத்த இடம் தம் தங்கைக்கு உதவக் காலம் தாழ்ந்து வந்ததே என்னும் வருத்தம் அவருக்கு இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இறுதியாக, நம் துறையைச் சார்ந்த ஒரு செய்தி. புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பயணம் செய்பவருக்கு ரயில்வே கட்டணச் சலுகை தருகின்றது. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு. மருத்துவமனை அலுவலர் கையெழுத்திட்ட சான்றுப் படிவம் வேண்டும். அதில் நோயின் பெயர் அச்சிட்டிருக்கும். நம் சாளரத்துக்கு வருவோர் பலர் அப்பெயர் உள்ளே மறையும்படி படிவத்தை நான்காக மடித்தே நீட்டுகின்றனர். மடித்து வந்தாலும் விரித்து வந்தாலும் சலுகை ஒன்றே. புசா ரோட்டு அன்பர்களுள் படிவம் வேண்டுவோர் மாலை ஏழு மணிக்கு மேல் நம் வீட்டுக்கு வரலாம். ஞாயிறு காலையில் சங்கத்து நூலகத்தில் இருப்போம்.